தேடுபொறி வந்த பிறகு அடுக்குமுறை எதற்கு? பெரும் படத்தொகுப்புகள் குறித்த விவாதம்

படச்சுருள்:

அனைவருக்கும் வணக்கம். நான் பணிபுரியும் இடத்தில் ஏறத்தாழ இரண்டு லட்சம் புகைப்பட நெகட்டிவ்கள் ஸ்கேன் செய்யப்பட்டுக் கோப்புகளாக வந்து சேர்ந்திருக்கின்றன. அவற்றில் பாதிக்கு மேல் படக்குறிப்பு இல்லை. சிலவற்றுக்கு உறையின் மீது எழுதப்பட்ட ஊர்ப்பெயரோ ஆண்டோ மட்டும் உண்டு. முறையாகப் பட்டியலிடத் தொடங்கினால் பல ஆண்டுகள் பிடிக்கும் என்பதால், அந்தப் பணியையே கைவிட்டு, எல்லாப் படங்களையும் ஒரு நரம்பியல் வலையமைப்பின் வழியாகச் செலுத்தி வெக்டர்களாக, அதாவது ஒவ்வொரு படத்தையும் குறிக்கும் எண்வரிசைகளாக மாற்றி, ஒரே ஒரு தேடல் பெட்டியை அமைத்தால் போதும் என்று குழுவில் சிலர் வாதிடுகிறார்கள். அவர்கள் காட்டிய முன்மாதிரியில், குடையுடன் நிற்கும் பெண், ஆற்றங்கரையில் மாட்டுவண்டி என்று ஆங்கிலத்தில் கேட்டபோது பொருத்தமான படங்கள் நொடியில் வந்தன. அதை நான் மறுக்கவில்லை.

ஆனாலும் எனக்கு மனம் ஒப்பவில்லை. ஒரு தொகுப்பை அடுக்கிவைப்பதும் அதில் தேடுவதும் ஒரே வேலைதானா, தேடல் நன்றாக இருந்துவிட்டால் அடுக்குவது தேவையற்றதாகிவிடுமா என்பதே என் கேள்வி. இத்துறையின் ஆய்வுகளை அறிந்தவர்கள் விளக்கினால், குழுவில் பேசுவதற்கு எனக்கு ஆதாரம் கிடைக்கும்.

கணியன்:

நான் கணினித்துறையைச் சேர்ந்தவன். எனவே உங்கள் குழுவினரின் பக்கத்திலிருந்தே தொடங்குகிறேன்.

படத்தின் உள்ளடக்கத்தைக் கொண்டே படத்தைத் தேடும் முயற்சி முப்பது ஆண்டுகளுக்கும் மேற்பட்டது. 1991இல் ஸ்வெய்ன், பல்லார்ட் இருவரும் ஒரு படத்தில் எந்த நிறம் எவ்வளவு இருக்கிறது என்ற பரவலை மட்டும் ஒப்பிட்டே பொருள்களை அடையாளம் காண முடியும் என்று காட்டினார்கள். அதைத் தொடர்ந்து ஐபிஎம் நிறுவனத்தின் ஆல்மடன் ஆய்வகம் க்யூபிக் என்ற அமைப்பை உருவாக்கியது. ரஷ்யாவின் ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் ஓவியங்களை நிறத்தாலும் அமைப்பாலும் தேடுவதற்கு அது பயன்பட்டது. ஆனால் சிவப்பு வட்டத்தைத் தேடுகிறவருக்குத் தக்காளியும் வரும், மாலைச் சூரியனும் வரும். ஸ்மெல்டர்ஸ் முதலானோர் 2000இல் எழுதிய புகழ்பெற்ற மதிப்பாய்வுக் கட்டுரை இந்தச் சிக்கலைப் பொருள்சார் இடைவெளி என்று குறித்தது: படப்புள்ளிகளிலிருந்து இயந்திரம் எடுக்கக்கூடிய தகவலும், அதே படத்துக்கு ஒரு சூழலில் ஒரு மனிதர் தரும் பொருளும் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை.

அந்த இடைவெளி பின்னர் பல படிகளில் குறைந்தது. 2003இல் சிவிக், சிஸ்ஸர்மேன் இருவரும் படத்தின் சிறுசிறு பகுதிகளைக் காட்சிச் சொற்களாக மாற்றி, எந்தச் சொல் எந்தெந்த ஆவணங்களில் வருகிறது என்று குறித்துவைக்கும், உரைத் தேடலில் பயன்படும் தலைகீழ் அட்டவணையையே படத்துக்கும் பயன்படுத்தினார்கள். ஒரே கட்டடத்தையோ ஒரே பொருளையோ வேறு கோணத்தில் எடுத்த படங்களைக் கண்டுபிடிக்க அந்த முறை இன்றும் உதவும். 2012இல், படத்திலுள்ள பொருளை இயந்திரம் இனங்காணும் இமேஜ்நெட் போட்டியில் அலெக்ஸ்நெட் என்ற நரம்பியல் வலையமைப்பு பிழை விகிதத்தை 15.3 விழுக்காட்டுக்குக் கொண்டுவந்தது. இரண்டாமிடத்துக்கு வந்த அணியின் பிழை 26.2 விழுக்காடாக இருந்தது. அதன் பிறகு ஆய்வு முழுவதும் நரம்பியல் வலையமைப்புகளின் பக்கம் திரும்பியது. 2021இல் ஓப்பன்ஏஐ வெளியிட்ட கிளிப் மாதிரி, இணையத்திலிருந்து திரட்டிய 40 கோடிப் படங்களையும் அவற்றுடன் இருந்த உரைகளையும் கொண்டு பயிற்சி பெற்றது. படமும் சொற்றொடரும் ஒரே வெளியில் அருகருகே அமையும்படி அது கற்றுக்கொண்டிருப்பதால், முன்கூட்டியே வகுக்கப்பட்ட தலைப்புகள் எதுவும் இல்லாமல் நினைத்ததைக் கேட்க முடிகிறது.

செலவையும் கணக்கிட்டுப் பாருங்கள். கிளிப்பின் சிறிய மாதிரி ஒரு படத்தை 512 எண்களாக்குகிறது; ஓர் எண்ணுக்கு 4 பைட் என்றால் ஒரு படத்துக்கு 2 கிலோபைட், இரண்டு லட்சம் படங்களுக்கு ஏறத்தாழ 400 மெகாபைட். சாதாரண மடிக்கணினியின் நினைவகத்திலேயே முழுவதையும் வைத்து, ஒவ்வொரு வெக்டரையும் நேராக ஒப்பிட்டுத் தேடிவிடலாம். நூறு கோடிப் படங்கள் இருந்தால்தான் 2 டெராபைட் தேவைப்படும். அப்போது ஜெகூ முதலானோர் 2011இல் விளக்கிய, வெக்டர்களைச் சுருக்கும் முறையும், பேஸ்புக் ஆய்வகம் 2017இல் வெளியிட்ட ஃபைஸ் போன்ற வெக்டர் தேடல் நிரலகமும் அவசியமாகும். உங்கள் அளவுக்கு அவையெல்லாம் வேண்டியதில்லை. சில நாட்களில் முடியும் வேலையைப் பல ஆண்டுப் பணிக்காகக் காத்திருக்க வைப்பது பயனாளர்களுக்குச் செய்யும் நியாயமாக எனக்குத் தோன்றவில்லை.

ஏட்டுச்சுவடி:

கணியன் சொன்னவை எல்லாம் சரியே. ஆனால் அடுக்குமுறை என்பதைத் தலைப்புப் பட்டியல் என்று மட்டும் அவர் கொள்கிறார். அதைவிட முந்தைய அடுக்கு ஒன்று உண்டு. இழையைத் தொடங்கிய நண்பர் அதைத்தான் இழந்துவிடுவாரோ என்று அஞ்சுகிறேன். ஒரு பழைய எடுத்துக்காட்டைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள்.

அமெரிக்காவில் பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில், 1935 முதல், ராய் ஸ்ட்ரைக்கர் என்பவரின் தலைமையில் அரசின் புகைப்படப் பிரிவு ஒன்று நாடெங்கும் உழவர்களின் வாழ்க்கையைப் பதிவு செய்தது. முதலில் மீள்குடியேற்ற நிர்வாகத்தின் கீழும், பின்னர் பண்ணைப் பாதுகாப்பு நிர்வாகத்தின் கீழும், போர்க்காலத்தில் போர்த் தகவல் அலுவலகத்தின் கீழும் இயங்கிய அந்தப் பிரிவின் சேகரிப்பு இன்று காங்கிரஸ் நூலகத்தில் இருக்கிறது. கறுப்பு வெள்ளை நெகட்டிவ்கள் மட்டும் ஏறத்தாழ 1,75,000. உங்கள் தொகுப்பின் அளவுதான்.

அதை ஒழுங்குபடுத்த 1942இல் பால் வாண்டர்பில்ட் என்ற நூலகர் அமர்த்தப்பட்டார். படங்களைப் பயன்படுத்த வருபவர் பொருள்வாரியாகப் பார்க்கவே விரும்புவார் என்று அவர் உணர்ந்திருந்தார். ஆகவே அச்சுப்படிகளை முதலில் நிலப்பகுதிகளாகவும், பிறகு 12 பெருந்தலைப்புகளின் கீழ் ஏறத்தாழ 1,300 உட்தலைப்புகளாகவும் பிரித்தார். ஆனால் அப்படிப் பிரித்தால், ஒரு புகைப்படக் கலைஞர் ஒரு பயணத்தில் ஓர் ஊரில் எடுத்த வரிசை சிதறிப்போகும் என்பதையும் அவர் அறிந்திருந்தார். தேவாலயத்தின் படம் சமயத்துக்கும், அதன் வாசலில் நின்ற குழந்தையின் படம் குழந்தைகளுக்கும், எதிர்த்த கடையின் படம் வணிகத்துக்கும் போய்விடும்; மூன்றும் ஒரே காலைப்பொழுதில் எடுக்கப்பட்டவை என்பது மறைந்துவிடும். எனவே கலைப்பதற்கு முன்னால், ஒரே பணிக்காக எடுக்கப்பட்ட படங்களைத் தொகுதி தொகுதியாகச் சேர்த்து, அந்த வரிசையிலேயே நுண்படச்சுருளில் பதிவு செய்ய ஏற்பாடு செய்தார். கணினி இல்லாத காலத்தில் ஒரே தொகுப்புக்கு இரண்டு ஒழுங்குகளைக் கொடுத்துவைத்த மனிதர் அவர். இத்துறையில் நான் மிகவும் மதிக்கும் செயல்களில் இது ஒன்று.

இதன் பயனை இன்றும் காணலாம். அத்தொகுப்பில் படக்குறிப்பே இல்லாத நெகட்டிவ்கள் ஏராளமாக உள்ளன. நூலகத்தின் இணையப் பட்டியலில் அப்படி ஒரு படத்தைத் திறந்தால், அதற்கு முன்னும் பின்னும் எண்ணிடப்பட்ட படங்களைக் காட்டும் வசதி இருக்கிறது. பக்கத்துப் படத்துக்குக் குறிப்பு இருந்தால், குறிப்பில்லாத படம் எங்கே, யாரால், எதற்காக எடுக்கப்பட்டது என்பதைப் பெரும்பாலும் ஊகித்துவிடலாம். இதை எந்த வெக்டரும் தராது, ஏனென்றால் அந்தத் தகவல் படப்புள்ளிகளில் இல்லை. பெட்டிக்குள் அந்த நெகட்டிவ் இருந்த இடத்தில் இருக்கிறது.

கணியன்:

இந்த எடுத்துக்காட்டுக்கு நன்றி. மூல வரிசையைக் காக்க வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. அது கோப்புப்பெயரிலேயே செய்து முடிக்கக்கூடிய காரியம். நான் எதிர்ப்பது அந்த 1,300 தலைப்புகளைத்தான்.

தலைப்புகளை வகுப்பவர் தம் காலத்தின் பார்வையையே வகுக்கிறார். இமேஜ்நெட்டின் வரலாறு இதற்குச் சான்று. வேர்ட்நெட் என்ற சொல்வலையின் படிநிலையை அப்படியே எடுத்துக்கொண்டு 1.4 கோடிப் படங்கள் அதன் கீழ் அடுக்கப்பட்டன. மனிதர்களைக் குறிக்கும் கிளையில் இழிசொற்களும், படத்தைப் பார்த்து எவராலும் முடிவுசெய்ய இயலாத குணப்பெயர்களும் தலைப்புகளாக நுழைந்துவிட்டன. 2019இல் கேட் கிராஃபோர்டும் டிரெவர் பேக்லனும் அதைப் பொதுமக்கள் பார்வைக்குக் கொண்டுவந்த பிறகே ஆறு லட்சம் அளவிலான படங்கள் நீக்கப்படும் என்று அறிவிக்கப்பட்டது. அதே சொல்வலையைப் பின்பற்றிய எட்டுக் கோடி மிகச்சிறிய படங்களின் தொகுப்பு, இதே காரணத்தால் 2020இல் முழுவதுமாகத் திரும்பப் பெறப்பட்டது. தலைப்பில்லாத் தேடல், குறைந்தபட்சம், யாரையும் ஒரு பெட்டிக்குள் நிரந்தரமாக அடைத்துவைப்பதில்லை.

ஏட்டுச்சுவடி:

அடைத்துவைக்கிறது, ஆனால் அது கண்ணுக்குத் தெரிவதில்லை. வாண்டர்பில்டின் தலைப்புகளை இன்று நாம் வாசித்து, இது தவறு, இது அக்காலத்தின் பார்வை என்று சுட்டிக்காட்ட முடியும். 40 கோடிப் படங்களிலிருந்து ஒரு மாதிரி கற்றுக்கொண்ட அருகாமைகளை அப்படி வாசிக்க வழியில்லை. எட்டுக் கோடிப் படத்தொகுப்பின் குறை வெளிப்பட்டதே அதில் வாசிக்கத்தக்க சொற்கள் இருந்ததால்தான். இதை நீங்களும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

நெய்தல்:

தொழில்நுட்பமும் காப்பகமும் பேசியாகிவிட்டது. தேட வருபவர் என்ன கேட்கிறார் என்பதை யாரும் தொடவில்லை. நான் அந்தப் பக்கத்து ஆய்வுகளைப் படித்து வருகிறேன்.

பீட்டர் என்சர் 1990களின் தொடக்கத்தில் லண்டனின் ஹல்ட்டன் படக்காப்பகத்துக்கு வந்த வேண்டுகோள்களை ஆராய்ந்தார். பெரும்பகுதி, பெயர் சொல்லிக் கேட்கப்பட்ட தனித்த ஒன்றைப் பற்றியதாக இருந்தது: இந்த மனிதர், இந்தக் கட்டடம், இந்த நிகழ்ச்சி. அதற்குமேல் இந்த ஆண்டில், இந்த இடத்தில் என்ற வரையறைகளும் சேர்ந்திருந்தன. குடையுடன் நிற்கும் பெண் என்பது போன்ற பொதுவான வேண்டுகோள்கள் சிறுபான்மையே. நண்பரின் குழு காட்டிய முன்மாதிரி எதில் வல்லதோ அதைக் கொண்டுதான் சோதிக்கப்பட்டிருக்கிறது என்று எண்ணுகிறேன். உங்கள் காப்பகத்துக்கு இதுவரை வந்த கடிதங்களையும் மின்னஞ்சல்களையும் எடுத்துப் பாருங்கள். அவற்றில் எத்தனை வேண்டுகோள்களுக்கு அந்தத் தேடல் பெட்டி விடை தரும்?

அடுத்து, பார்ப்பது என்ற செயல். மார்க்குலாவும் சோர்முனெனும் 2000இல் பின்லாந்தின் ஒரு நாளிதழ்ப் படக்காப்பகத்தை ஆராய்ந்தபோது, பத்திரிகையாளர்கள் ஓரளவு தேடிவிட்டு, பிறகு வரிசையாகப் படங்களைப் பார்த்துக்கொண்டே போய்த்தான் முடிவு செய்கிறார்கள் என்று கண்டார்கள். எதற்காக ஒரு படம் பொருத்தமாகிறது என்பதை முன்கூட்டிச் சொல்ல அவர்களால் முடிவதில்லை. பார்த்த பிறகே தெரிகிறது. அப்படியானால் திரையில் படங்கள் எந்த ஒழுங்கில் வருகின்றன என்பது முக்கியமாகிறது. கெர்ரி ராடன் முதலானோர் 2001இல் இதையே சோதித்தார்கள். ஒத்த தோற்றமுடைய படங்களை அருகருகே வைப்பது தேடுபவருக்கு உதவியது. ஆனால் ஒன்றைப் போலவே ஒன்று இருக்கும் படங்கள் பக்கத்தில் இருக்கும்போது தனிப்படம் கண்ணில் படாமல் கலந்துபோவதும் நிகழ்ந்தது. கலைத்துப்போட்ட வரிசையில் சில படங்கள் இன்னும் தெளிவாகத் தனித்து நின்றன. ஒத்த தோற்றத்தை வைத்து அடுக்குவது எப்போதும் நன்மை என்று கருதுகிறவர்கள் இந்த முடிவைக் கவனத்தில் கொள்ள வேண்டும்.

தனிமனிதரின் படங்களிலும் இதே கதைதான். ராடனும் கென் வுட்டும் 2003இல் வெளியிட்ட ஆய்வில், பங்கேற்றவர்களுக்குப் பேச்சுக்குறிப்பு, தோற்றத்தால் தேடல் முதலிய வசதிகள் கொண்ட மென்பொருளைக் கொடுத்து மாதக்கணக்கில் கவனித்தார்கள். அந்த வசதிகளை மக்கள் பெரிதாகப் பயன்படுத்தவில்லை. காலவரிசையையும், ஒரே திரையில் நிறையச் சிறுபடங்களைப் பார்க்கும் வசதியையும்தான் நாடினார்கள். ஆனால் காலவரிசை போதும் என்றும் முடிவுகட்ட முடியாது. விட்டேக்கர், பெர்க்மன், க்ளஃப் மூவரும் 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஓராண்டுக்கு முந்தைய முக்கியமான குடும்ப நிகழ்ச்சிகளின் படங்களைக் கண்டெடுக்கும்படி பெற்றோர்களிடம் கேட்டபோது, ஏறத்தாழ 40 விழுக்காட்டுப் படங்களை அவர்களால் கண்டெடுக்க இயலவில்லை. தம் பிள்ளைகளின் படங்களைத்தான் தேடினார்கள் என்பதை நினைக்கும்போது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

படச்சுருள்:

நெய்தல் சொன்னதும் வேண்டுகோள் பதிவேட்டைப் புரட்டினேன். பெயர், ஊர், ஆண்டு என்பனவே மிகுதி. கோயில் திருப்பணிக்காகப் பழைய கோபுரத்தின் தோற்றத்தைக் கேட்டவர்கள், தம் பாட்டனார் பணிபுரிந்த பள்ளியைக் கேட்டவர்கள், மூடப்பட்ட ஆலையைக் கேட்டவர்கள் என்று நீள்கிறது.

இன்னொன்றும் கேட்க விரும்புகிறேன். எங்களிடம் வருபவர்களில் பெரும்பாலோர் தமிழில்தான் கேட்பார்கள். இப்போதுள்ள மாதிரிகள் தமிழை எந்த அளவுக்குப் புரிந்துகொள்கின்றன?

வெண்ணாறு:

இந்தக் கேள்விக்காகவே பதிவிடுகிறேன். மூல கிளிப் மாதிரி பெரும்பாலும் ஆங்கிலத்தில் கற்றது. தமிழில் கேட்டால் நம்பத்தக்க விடை வராது. அதன் பிறகு பன்மொழி மாதிரிகள் பல வந்துள்ளன. கூகுள் ஆய்வாளர்கள் 109 மொழிகளின் உரைகளுடன் திரட்டிய பெருந்தொகுப்பில் பயிற்சி பெற்றவையும் அவற்றில் உண்டு. ஆனால் பயிற்சியில் ஒரு மொழி இருப்பதும், அந்த மொழியில் தேடல் நன்றாக நடக்கிறது என்று அளந்து காட்டப்படுவதும் ஒன்றல்ல. பன்மொழிப் படத்தேடலை அளக்கப் பலரும் பயன்படுத்தும், 2022இல் வெளிவந்த 3,600 படங்களின் தொகுப்பில் 36 மொழிகளில் படக்குறிப்புகள் உள்ளன. இந்தி, வங்காளம், தெலுங்கு அதில் உண்டு, தமிழ் இல்லை. எனவே ஒரு மாதிரி பல மொழிகளில் சிறந்தது என்று அறிவிக்கப்பட்டால், அந்த அறிவிப்பு தமிழைப் பற்றி எதுவும் சொல்லவில்லை என்றே கொள்ள வேண்டும்.

தமிழ் இடம்பெற்ற முக்கியமான ஆய்வு ஒன்று உண்டு. 2021இல் வெளிவந்த மார்வெல் என்ற தொகுப்பு, இந்தோனேசியம், சீனம், சுவாகிலி, தமிழ், துருக்கி ஆகிய ஐந்து மொழிகளைக் கொண்டது. அதில் என்னென்ன பொருள்கள் இடம்பெற வேண்டும் என்பதையும், அவற்றுக்கான படங்களையும் அந்தந்த மொழியைப் பேசுபவர்களே தேர்ந்தெடுத்தார்கள். இமேஜ்நெட்டின் தலைப்புகள் வட அமெரிக்க, ஐரோப்பிய வாழ்க்கையையே மையமாகக் கொண்டிருந்தன என்பதே அதற்குக் காரணம். ஆங்கிலத்தில் நன்றாகச் செயல்பட்ட மாதிரிகள் இந்த மொழிகளில் கடுமையாகச் சரிந்தன. படமே வேறு வாழ்க்கையிலிருந்து வரும்போது, மொழியை மட்டும் மாற்றிக்கொடுப்பது போதவில்லை என்பது அதிலிருந்து தெரிந்தது. ஆகவே தமிழ்க் கேள்வியை இயந்திரத்தால் ஆங்கிலமாக்கிப் பிறகு தேடுவது என்ற எளிய வழி, மாட்டுவண்டிக்கு ஈடுகொடுக்கும். நெசவுப் பாவுக்குக் கஞ்சி போட்டு நீட்டியிருக்கும் தெருவையோ, நெல் அவிக்கும் களத்தையோ கேட்டால் என்ன வரும் என்பதை உங்கள் தொகுப்பிலேயே சோதித்துப் பார்த்த பிறகுதான் நம்ப வேண்டும்.

ஏட்டுச்சுவடி:

பெயர் பற்றி நெய்தல் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். நான் முன்பு சொன்ன அதே தொகுப்பில், 1936இல் கலிபோர்னியாவின் நிப்போமோவில் டோரதியா லாங் எடுத்த, குழந்தைகளுடன் அமர்ந்திருக்கும் புலம்பெயர்ந்த தாயின் படம் உலகம் அறிந்தது. அதன் குறிப்பில் வறுமையுற்ற பட்டாணி பறிப்பவர்கள், ஏழு குழந்தைகளின் தாய், வயது முப்பத்திரண்டு, ஊர் நிப்போமோ என்பவை இருந்தன. அந்தப் பெண்ணின் பெயர் இல்லை. அவர் ஃப்ளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்பது 1978இல்தான் வெளியுலகுக்குத் தெரிந்தது. இத்தனை ஆண்டுகள் எத்தனையோ இடங்களில் அச்சான படத்துக்கே நிலைமை அது. ஒரு பெயர் படத்துக்குள்ளிருந்து வராது. தெரிந்த ஒருவர் வந்து சொல்ல வேண்டும், சொன்னதைப் பதிந்துவைக்க ஓர் இடமும் இருக்க வேண்டும்.

அந்த இடத்தை அமைத்துக்கொடுத்தால் மக்கள் சொல்கிறார்கள் என்பதற்கும் சான்று உண்டு. காங்கிரஸ் நூலகம் 2008 ஜனவரியில் ஃப்ளிக்கர் தளத்தில் ஏறத்தாழ 3,000 படங்களை வெளியிட்டது. அவ்வாண்டு அக்டோபருக்குள் 67,000க்கும் மேற்பட்ட குறிச்சொற்களும் 7,000க்கும் மேற்பட்ட கருத்துகளும் சேர்ந்தன. அவற்றைச் சரிபார்த்து, 500க்கும் மேற்பட்ட படங்களின் பட்டியல் பதிவுகளை நூலகம் திருத்தி விரிவாக்கியது. குறிச்சொற்கள் அறுபதாயிரத்தைத் தாண்டின என்பதைவிட, அந்த ஐந்நூறு திருத்தங்களே எனக்குப் பெரிதாகத் தெரிகின்றன. இடத்தையும் மனிதரையும் அறிந்தவர்கள் முன்வந்து சொன்னவை அவை. நூலகர் ஒவ்வொன்றையும் சரிபார்த்த பிறகே ஏற்றார்.

கணியன்:

இவ்வளவும் கேட்ட பிறகு என் நிலைப்பாட்டைச் சற்று மாற்றிச் சொல்கிறேன். வெக்டர் தேடலைத் தொகுப்பின் வாசலாக வைக்க வேண்டாம். பட்டியலிடுபவரின் கருவியாக வையுங்கள்.

இரண்டு லட்சம் படங்களில் ஒரே கோபுரத்தைக் காட்டும் அறுபது படங்கள் வெவ்வேறு பெட்டிகளில் இருக்கலாம். அவற்றை ஒரே திரையில் கொண்டுவந்து நிறுத்தினால், அவற்றில் ஒன்றுக்கு மட்டும் உள்ள ஊர்ப்பெயரைக் கொண்டு மற்றவற்றை மனிதர் சரிபார்த்து ஏற்றலாம். இதற்குக் கிளிப்பைவிட, நான் முதலில் சொன்ன, சிறுபகுதிகளை ஒப்பிட்டு வடிவியல் பொருத்தத்தையும் சரிபார்க்கும் பழைய முறை நம்பகமானது. கிளிப் இரண்டு கோபுரங்களையும் கோபுரம் என்று அறியும். இரண்டும் ஒரே கோபுரமா என்பதில் தடுமாறும்.

தொகுப்பை வெக்டராக்கும்போது கவனிக்க வேண்டியவை சில உள்ளன. படத்துக்குள் எழுத்து இருந்தால் அது மாதிரியின் கவனத்தை இழுத்துவிடும். ஆப்பிள் பழத்தின் மீது ஒரு கருவியின் பெயரை எழுதி ஒட்டினால் கிளிப் அதை அந்தக் கருவி என்றே சொல்லிவிடும் என்பதை 2021இல் ஓப்பன்ஏஐ ஆய்வாளர்களே காட்டினார்கள். உறையின் குறிப்பையோ, ஸ்கேன் செய்தபோது பக்கத்தில் வைத்த அளவுகோலையோ வெட்டி நீக்காமல் செலுத்தினால், படங்கள் உள்ளடக்கத்தால் அல்லாமல் ஓரங்களால் கூடிவிடக்கூடும். அடுத்து, பல பரிமாண வெளிகளில் ஒரு சில புள்ளிகள் ஏராளமான மற்றப் புள்ளிகளுக்கு அண்டைப்புள்ளியாகிவிடும் இயல்பு உண்டு. எதைக் கேட்டாலும் அதே சில படங்கள் திரும்பத் திரும்ப வந்தால் காரணம் அதுவே. மூன்றாவதாக, யார் யாரை என்ன செய்தார் என்ற உறவு இந்த மாதிரிகளுக்கு எளிதில் பிடிபடுவதில்லை. சொற்கள் ஒன்றாகவும் பொருள் வேறாகவும் அமைந்த இணைகளை வைத்து 2022இல் உருவாக்கப்பட்ட 400 எடுத்துக்காட்டுகளின் சோதனையில், அன்றைய மாதிரிகள் குருட்டுத் தேர்வை ஒட்டிய அளவிலேயே நின்றன. எதிர்மறையிலும் இதே தடுமாற்றம்தான்: ஒரு பெண் ஒரு குழந்தையைத் தூக்கியிருக்கும் படமும், குழந்தை இல்லாமல் நிற்கும் பெண்ணின் படமும் வேண்டும் என்று பிரித்துக் கேட்டால், இல்லாமல் என்ற பகுதியை அது பெரும்பாலும் பொருட்படுத்தாது.

இந்தக் குறைகளுக்குத் தீர்வாக, ஒரே கேள்வியில் எல்லாவற்றையும் எதிர்பார்க்காமல், காட்டு, தேர்ந்தெடு, மறுபடி காட்டு என்று உரையாடலாகத் தேடலை அமைக்கும் ஆய்வுமரபு ஒன்று நெடுங்காலமாக இருக்கிறது. பிக்ஹன்டர் என்ற அமைப்பு 2000இலேயே இதைச் செய்தது: பயனாளர் தன் மனத்திலுள்ள படத்துக்கு நெருக்கமானதைச் சுட்டச் சுட்ட, ஒவ்வொரு படமும் இலக்காக இருக்கும் வாய்ப்பை அது பேய்ஸ் விதிப்படி திருத்திக்கொண்டே போகும். 2018 முதல் நடந்துவரும் வாழ்க்கைப்பதிவுத் தேடல் போட்டியிலும் அணிகள் இப்படித்தான் தேடுகின்றன. ஒருவர் உடலில் அணிந்த கேமரா பதிவுசெய்த ஏராளமான படங்களிலிருந்து ஒரு குறிப்பிட்ட தருணத்தைக் கடிகாரத்தோடு போட்டியிட்டுக் கண்டெடுக்க வேண்டும். வெக்டரோடு நேரத்தையும் இடத்தையும் வடிகட்டியாகச் சேர்ப்பது அங்கு வழக்கமாகிவிட்டது.

நெய்தல்:

கணியன் இப்போது சொல்வதை ஏற்கிறேன். அளப்பதைப் பற்றி மட்டும் ஒரு குறிப்பு. ஆய்வுக்கட்டுரைகளில் வரும் சராசரித் துல்லிய எண்களைக் கொண்டு மாதிரியைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். உங்கள் பதிவேட்டிலுள்ள உண்மையான வேண்டுகோள்களையே தமிழில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் தொகுப்பில் எந்தப் படங்கள் சரியான விடை என்பதைப் பணியாளர்களைக் கொண்டு குறித்துவைத்து, எந்த மாதிரியையும் அதில் சோதியுங்கள். முதல் திரையில் எத்தனை சரியானவை வந்தன என்பதோடு, வரவேண்டியவற்றில் எத்தனை வரவே இல்லை என்பதையும் எண்ணுங்கள். திருப்பணிக்காகக் கோபுரத்தின் படம் கேட்டு வருபவருக்கு, தொகுப்பில் இருந்தும் வராமல் போன ஒரே படம்தான் தேவைப்பட்டதாக இருக்கலாம். தேடல் பெட்டி வெறுமையாக நின்றால், அப்படியொரு படம் இல்லை என்று அவர் நம்பித் திரும்பிவிடுவார்.

வெண்ணாறு:

முகங்களைப் பற்றி யாரும் பேசவில்லை என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரே முகத்தைக் கூட்டிக்காட்டும் வசதி பட்டியலிடுபவருக்கு மிகப் பெரிய உதவி. ஆயினும் உயிரோடு இருப்பவர்களும், எதற்காகப் படமெடுக்கப்படுகிறது என்று கேட்கப்படாதவர்களும் அந்த நெகட்டிவ்களில் இருக்கக்கூடும். அதை உள்வேலைக்கு மட்டும் வைத்துக்கொண்டு, பொதுமக்கள் தேடும் பக்கத்தில் திறக்காமல் இருப்பதே முறை.

படச்சுருள்:

எல்லோருக்கும் நன்றி. குழுவுக்கு மூன்று வேண்டுகோள்களை எழுதிக்கொண்டிருக்கிறேன்: நெகட்டிவ் இருந்த பெட்டி, உறை, வரிசை எண் ஆகியவற்றை முதலில் பதிவது, பதிவேட்டிலுள்ள வேண்டுகோள்களைக் கொண்டு தமிழ்ச் சோதனைத் தொகுப்பு ஒன்றை உருவாக்குவது, அதன் பிறகே வெக்டர் தேடலைப் பணியாளர்களுக்கு மட்டும் திறப்பது. ஓர் ஐயம் மட்டும் மிச்சம். ஸ்கேன் செய்தவர்கள் சில பெட்டிகளில் நெகட்டிவ்களை அளவுவாரியாகப் பிரித்து, பெரியவற்றைத் தனியாகவும் சிறியவற்றைத் தனியாகவும் எண்ணிட்டிருக்கிறார்கள். மூல வரிசையை இனி எப்படி மீட்பது?

ஏட்டுச்சுவடி:

உறைகளைத் தூக்கி எறியாமல் வைத்திருக்கிறார்களா என்பதை இன்றே கேளுங்கள். உறை இருந்தால் பாதி வரிசை மீண்டுவிடும். நெகட்டிவ்கள் சுருள்களில் எடுத்தவையாக இருந்தால், விளிம்பில் உற்பத்தியாளர் அச்சிட்ட சட்ட எண்கள் ஸ்கேனில் வெட்டப்படாமல் இருக்கின்றனவா என்று பாருங்கள். வெட்டப்பட்டிருந்தால், மூல நெகட்டிவை ஒளிமேசையில் வைத்து அந்த எண்ணை மட்டும் படித்துப் பதிவது ஸ்கேனை மறுபடி செய்வதைவிடப் பன்மடங்கு விரைவான வேலை. கண்ணாடித் தகடுகளுக்கு அந்த வசதி இல்லை. அவற்றுக்குக் கலைஞரின் கையேடு இருந்தால் அதுவே வழி. எது கிடைத்தாலும், இப்போதுள்ள எண்ணை அழித்துவிட்டுப் புதிய எண்ணைப் போடாதீர்கள். இரண்டையும் தனித்தனிக் கட்டங்களில் வைத்து, எந்தச் சான்றைக் கொண்டு மூல வரிசை முடிவுசெய்யப்பட்டது என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். வேறு சான்று கிடைக்கும் நாளில் அடுத்து வருபவர் அதைத் திருத்த வேண்டியிருக்கும்.